3 லட்சம் வாக்குக்கு 3 பேர், 1,274 வாக்குக்கு 19 பேர்: அமெரிக்க பிரைமரியின் டெலிகேட் கணக்கு

கேள்வி இதுதான்: "2024 குடியரசுக் கட்சி பிரைமரியில் நிக்கி ஹேலி நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீதம் வாங்கினார், 22 டெலிகேட்டில் 9 கிடைத்தது. ஒரு மாதம் கழித்துத் தென் கரோலினாவில் 39.5 சதவீதம் வாங்கினார், 50-ல் வெறும் 3. நான்கு சதவீதம் குறைந்ததற்கு இவ்வளவு அடியா? டெலிகேட்டை எப்படித்தான் பிரிக்கிறார்கள்?"

பிரைமரி என்றால் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உள்கட்சித் தேர்தல். டெலிகேட் யார் என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன். அந்த நான்கு சதவீதத்தால் வந்த வினை இல்லை இது. மாநிலம் மாறியது, அதோடு விதியும் மாறிவிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் தன் 22 பேரையும் வாக்கு விகிதத்தை ஒட்டிப் பிரிக்கிறது. தென் கரோலினா 50 பேரை இரண்டு கூறாக உடைக்கிறது. மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்து யார் முதலிடமோ அவருக்கு 29 பேர், அப்படியே மொத்தமாக. மீதி 21 பேர், ஏழு தொகுதிக்குத் தலா 3 வீதம், அந்தந்தத் தொகுதியில் முந்தியவருக்கு. ஹேலி சார்ல்ஸ்டன் பக்கத்துக் கடலோரத் தொகுதி ஒன்றில் மட்டும் முந்தினார். அதனால் 3, டிரம்புக்கு 47. ஹேலி 49 சதவீதமே வாங்கியிருந்தாலும் அந்த 29-ல் ஒருவர்கூட அவர் பக்கம் வந்திருக்கமாட்டார்.

இதைவிடக் கூத்து அடுத்த வாரம் நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் குடியரசுக் கட்சி பிரைமரிக்கு மொத்தமே சுமார் 2,000 பேர்தான் வந்தார்கள். ஹேலிக்கு 1,274 வாக்கு. பாதிக்கு மேல் வாங்கியதால் 19 டெலிகேட்டும் அவருக்கே. தென் கரோலினாவில் அவருக்கு விழுந்தது ஏறத்தாழ 3 லட்சம் வாக்கு!

மேலே போகும் முன் இரண்டு சொல் பற்றி. டெலிகேட்டைப் பிரதிநிதி என்று எழுதினால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரோடு குழம்பும், அதனால் டெலிகேட் என்றே வைத்துக்கொள்கிறேன். கோடையில் நடக்கும் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போய் "எங்கள் அதிபர் வேட்பாளர் இன்னார்" என்று ஓட்டுப் போடுகிற ஆள் அவர். பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வட்டாரக் கட்சிக்காரராக இருக்கலாம். தொகுதி என்று நான் சொல்லும்போதெல்லாம் பிரதிநிதிகள் சபைத் தொகுதியைச் சொல்கிறேன்.

இந்த விதிகளை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் பெரும்பாலான மாநிலங்களில் அரசு செய்து கொடுக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இதை நம்மூர்த் தேர்தல் ஆணையம் நடத்துகிற தேர்தல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். எண்ணி முடித்த பிறகு யாருக்கு எத்தனை டெலிகேட் என்பது கட்சியின் விதி. டெலிகேட்டை எப்படிப் பிரிப்பது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. விஸ்கான்சின் மாநிலம், எந்தக் கட்சிக்காரரும் வந்து ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தது. தேசியக் கட்சி ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-ல் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாநிலச் சட்டம் எதைச் சொன்னாலும், தன் மாநாட்டில் யாரை உட்கார வைப்பது என்பது கட்சியின் உரிமை.

இதை 2024-ல் நெவாடாவில் கண்ணெதிரே பார்த்தோம். மாநில அரசு பிப்ரவரி 6-ல் பிரைமரி நடத்தியது. குடியரசுக் கட்சியோ, "அந்தப் பிரைமரிக்கு டெலிகேட் கிடையாது, நாங்கள் 8-ம் தேதி தனியாகக் காக்கஸ் நடத்துகிறோம்" என்றது. காக்கஸ் என்பது கட்சியே கூட்டம் போட்டு நடத்துகிற வாக்கெடுப்பு. அரசு பிரைமரியில் டிரம்ப் பெயர் இல்லை, ஹேலி பெயர் இருந்தது. "இவர்களில் யாரும் வேண்டாம்" என்ற கட்டத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்து, ஹேலி அதனிடம் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியில் அவர் ஒரு டெலிகேட்டையும் இழக்கவில்லை, இழக்க அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காக்கஸில் டிரம்ப் 26 பேரையும் எடுத்துக்கொண்டார்.

மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியரசுக் கட்சியில் கணக்கு எளிது: மாநிலத்துக்கு 10, தொகுதிக்கு 3, மாநிலக் கட்சியின் மூன்று நிர்வாகிகள், அதற்கு மேல் அந்த மாநிலத்தில் கட்சி ஜெயித்திருந்தால் போனஸ். 2024-ல் மொத்தம் 2,429 பேர், ஜெயிக்க 1,215. ஜனநாயகக் கட்சியில் கடந்த மூன்று அதிபர் தேர்தலில் அந்த மாநிலம் கட்சிக்குப் போட்ட வாக்கையும், அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்துக்கு உள்ள தேர்வாளர் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்) எண்ணிக்கையையும் சரிபாதி எடையில் கலந்து கணக்குப் போடுகிறார்கள். பிந்தைய மாதங்களில் பிரைமரி வைத்தால் கூடுதல் இடம் உண்டு, எல்லாரும் பிப்ரவரி, மார்ச்சில் முண்டியடிக்கக் கூடாது என்பதற்காக. 2020-ல் வாக்கால் தேர்வான டெலிகேட் மட்டும் 3,979 பேர், பாதிக்கு மேல் என்றால் 1,991.

இனி பிரிக்கிற விதத்துக்கு வருவோம். ஜனநாயகக் கட்சியில் நாடு முழுக்க ஒரே விதி: விகிதாசாரம், 15 சதவீத வரம்பு. எந்த மாநிலமும் "வென்றவருக்கே எல்லாம்" என்று வைக்க முடியாது. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காயம் காரணம். 1968-ல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் களமிறங்காமலே சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். அதன் பிறகு செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய குழுதான் விதிகளைத் திருத்தி எழுதியது. அதே மெக்கவர்ன் 1972-ல் கலிஃபோர்னியாவில் போட்டியிட்டபோது, அங்கே அப்போது இருந்த "வென்றவருக்கே எல்லாம்" விதிப்படி 271 டெலிகேட்டையும் அள்ளினார். எதிராளிகள் அதைப் பங்குபோடச் சொல்லி மாநாட்டு மேடை வரை சண்டை போட்டார்கள். சீர்திருத்தக்காரரே பழைய விதியால் பிழைத்தார் என்ற பேச்சு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்சி மெல்ல மெல்ல விகிதாசாரத்துக்கே முழுக்க மாறிவிட்டது.

விகிதாசாரம் என்றதும் நியாயமான கணக்கு என்று தோன்றும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் முடிச்சு தெரியும். எனக்குப் பிடித்த உதாரணம் 2016 வயோமிங். குட்டி மாநிலம், வாக்கால் பிரிக்கவேண்டியது 14 டெலிகேட் மட்டும். காக்கஸில் பெர்னி சாண்டர்ஸ் 55.7 சதவீதம், ஹிலாரி கிளின்டன் 44.3. சாண்டர்ஸ் பதினொரு சதவீத வித்தியாசத்தில் வென்றார். டெலிகேட்? 7-க்கு 7. அன்று இரவு சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் திருட்டு, மோசடி என்று கொதித்தார்கள். ஒரு திருட்டும் இல்லை, வெறும் பின்னம்தான்.

எப்படி என்றால், கட்சி அந்த 14-ஐ ஒரே பானையில் போட்டுப் பிரிக்காது. மூன்று பானை உண்டு. முதலாவது தொகுதிக் கணக்கு, இரண்டாவது மாநில அளவுக் கணக்கு, மூன்றாவது கட்சித் தலைவர்களும் பதவியில் இருப்பவர்களும் டெலிகேட்டாக வருவதற்கான கணக்கு. வயோமிங்கில் இவை முறையே 8, 4, 2. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும்.

8 பேர் பானையில் சாண்டர்ஸின் பங்கு 4.46, கிளின்டன் பங்கு 3.54. முதலில் முழு எண்ணைக் கொடு: 4, 3. மிச்சம் ஒருவர். யாருடைய பின்னம் பெரிதோ அவருக்கு. .54 பெரிது, ஆக 4-4. அடுத்து 4 பேர் பானை: 2.23, 1.77. முழு எண் 2, 1. மிச்ச ஒருவர் .77-க்கு. 2-2. கடைசி 2 பேர் பானை: 1.11, 0.89. சாண்டர்ஸுக்கு 1, மிச்ச ஒருவர் .89-க்கு. 1-1. மூன்று முறையும் பின்னம் கிளின்டன் பக்கம் சாய்ந்தது. இந்த 14-ஐயும் ஒரே பானையில் போட்டிருந்தால் 7.8-க்கு 6.2, அதாவது சாண்டர்ஸுக்கு 8, கிளின்டனுக்கு 6 வந்திருக்கும். இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்ட ஆசனங்களைப் பிரிப்பதைக் கவனித்தவர்களுக்கு இந்த 'பெரிய மிச்சத்துக்கு முதலில்' என்ற முறை புதிதில்லை. அங்கும் இதே கணக்குதான், வரம்பும் போனஸ் ஆசனமும் மட்டும் வேறு.

பெரிய மாநிலங்களில் தொகுதிப் பானை ஒன்றாக இல்லாமல் தொகுதிவாரியாக உடைகிறது. அங்கே ஒற்றைப்படை, இரட்டைப்படை விளையாட்டு வந்துவிடும். ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட் என்று வையுங்கள், இருவர் போட்டி. 3-1 என்று பிரியவேண்டும் என்றால் வென்றவர் 62.5 சதவீதத்தைத் தாண்டவேண்டும். 52 வாங்கினாலும் 2-2, 61 வாங்கினாலும் 2-2. அதே தொகுதிக்கு 3 டெலிகேட் என்றால் 50-ஐத் தாண்டிய ஒரே வாக்கில் 2-1. புத்தியுள்ள பிரசாரக் குழு பணத்தையும் ஆளையும் எங்கே இறக்கும்? இரட்டைப்படைத் தொகுதியில் 52-ஐ 58 ஆக்குவது வீண் செலவு. ஒற்றைப்படைத் தொகுதியில் 49-ஐ 51 ஆக்குவது ஒரு டெலிகேட்.

2008-ல் ஒபாமா குழு இதைக் கரைத்துக் குடித்திருந்தது. நெவாடா காக்கஸில் கிளின்டன் 51, ஒபாமா 45. தொலைக்காட்சியில் கிளின்டன் வெற்றி என்று போட்டுக்கொண்டிருந்தபோது ஒபாமா தரப்பு நிதானமாக ஒரு கணக்கை வெளியிட்டது: டெலிகேட் எங்களுக்கு 13, அவர்களுக்கு 12. லாஸ் வேகாஸ் பகுதியில் கிளின்டன் வாரிக் குவித்த வாக்கு இரட்டைப்படையில் சரிபாதியாகக் கரைந்தது, மாநிலத்தின் வடக்கே பொட்டல்வெளியில் ஒபாமா ஒற்றைப்படையில் முந்தினார்.

அதே ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி நடந்தது இன்னும் பெரிய பாடம். நியூ ஜெர்சியில் 11 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். கிளின்டன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 59-48, நிகர லாபம் 11. அன்றைக்கே ஐடஹோவில் காக்கஸ், வந்தவர்கள் சுமார் 21,000 பேர். ஒபாமா கிட்டத்தட்ட 80 சதவீதம் வாங்கினார். 15-3, நிகர லாபம் 12. எதிராளி திரும்பிக்கூடப் பார்க்காத ஊரில் 13,000 வாக்கு வித்தியாசம், நியூ ஜெர்சி மொத்தத்தையும் அடித்துச் சாப்பிட்டுவிட்டது. விகிதாசாரத்தில் நெருக்கமான வெற்றிக்கு மதிப்பே இல்லை, எங்கே நொறுக்கித் தள்ளுகிறீர்களோ அங்கேதான் லாபம். கிளின்டன் குழு இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டது என்பது என் அபிப்பிராயம். பெரிய மாநிலங்களை வென்றால் போதும் என்று நவம்பர் அதிபர் தேர்தல் மூளையோடு பிரைமரியை ஆடினார்கள்.

டெக்சாஸ் அப்போது இன்னும் விசித்திரம். பகலில் பிரைமரி, அதே இரவில் காக்கஸ், இரண்டுக்கும் தனித்தனி டெலிகேட். பிரைமரியில் கிளின்டன் வென்று 65-61, காக்கஸில் ஒபாமா வென்று 38-29. கூட்டினால் ஒபாமா 99, கிளின்டன் 94. டெக்சாஸை வென்றவர் யார் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு பதில் உண்டு.

15 சதவீத வரம்புக்கு வருகிறேன். நம்மூரில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் காலி என்போமே, கிட்டத்தட்ட அதே உயரத்தில் உள்ள கதவு இது. ஆனால் இங்கே போவது காசு இல்லை, டெலிகேட். 14.9 வாங்கினால் பூஜ்யம். அவருடைய வாக்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, 15-ஐத் தாண்டியவர்கள் வாக்கை மட்டும் நூறாகக் கொண்டு பிரிப்பார்கள். அதனால் ஏழெட்டுப் பேர் நிற்கும் களத்தில், 30 சதவீதம் வாங்கியவர் பாதி டெலிகேட்டை எடுத்துக்கொண்டு போவது சாதாரணம். இந்த வரம்பு மாநிலத்துக்குத் தனி, தொகுதிக்குத் தனி. 2024 மிச்சிகன் இதற்கு நல்ல சாட்சி. காசா போர் விஷயத்தில் பைடன் மீதிருந்த கோபத்தைக் காட்ட, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் "யாருக்கும் உறுதியில்லை" என்ற கட்டத்தில் குத்தினார்கள். மாநில அளவில் 13 சதவீதம்தான், வரம்பைத் தொடவில்லை. ஆனால் அரபு அமெரிக்கர் அதிகம் வாழும் டியர்பார்ன் அடங்கிய தொகுதியிலும், பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பர் தொகுதியிலும் 15-ஐத் தாண்டியது. தொகுதிக்கு ஒருவர் வீதம் இரண்டு டெலிகேட். 117-ல் 2 என்பது ஒன்றுமில்லைதான். ஆனாலும் இரண்டு பேர் மாநாட்டுக்குள் போக அனுமதிச்சீட்டு கிடைத்தது.

இதன் மறுபக்கமாக, 2020-ல் மைக்கேல் புளூம்பெர்க் கோடிக்கணக்கில் கொட்டி, சூப்பர் செவ்வாயன்று (பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் செவ்வாய்) முதலிடம் பிடித்த ஒரே இடம் பசிபிக் தீவான அமெரிக்க சமோவா. 175 வாக்கு, 4 டெலிகேட். அங்கே பிறந்த துளசி கப்பார்டுக்கு 103 வாக்கு, 2 டெலிகேட். அந்தப் போட்டி முழுக்க கப்பார்டுக்குக் கிடைத்தது அந்த இரண்டுதான்.

குடியரசுக் கட்சியில் நாடு தழுவிய ஒரே விதி என்று எதுவும் இல்லை. தேசியக் கட்சி வேலி போடுகிறது, உள்ளே என்ன பயிர் என்பதை மாநிலக் கட்சி முடிவு செய்கிறது. முக்கியமான வேலி நாள்காட்டி: மார்ச் 15-க்கு முன் பிரைமரி வைத்தால் விகிதாசாரமாகப் பிரிக்கவேண்டும், அதற்குப் பிறகு வைத்தால் விருப்பம். முதல் வரிசையில் வரும் நான்கு மாநிலங்களுக்கு விலக்கு உண்டு. தென் கரோலினா அந்த விலக்கைத்தான் பயன்படுத்துகிறது. 2016-ல் டிரம்ப் அங்கே 32.5 சதவீதம் வாங்கி 50-க்கு 50 எடுத்தார். ரூபியோவும் குரூஸும் தலா 22 சதவீதத்துக்கு மேல் வாங்கி வெறுங்கையோடு போனார்கள். ஏழு தொகுதியிலும் முதலிடம் டிரம்ப், அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் அவரை வேண்டாம் என்ற மாநிலம் அது. எதிர்ப்பு வாக்கு ஐந்தாறாகச் சிதறியபோது இந்த விதி அவருக்கு ஏணி. மார்ச் 15-ல் ஃபுளோரிடாவும் அப்படித்தான், 46 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குக்கு 99 பேர் மொத்தமாக. சொந்த மாநிலத்தில் தோற்ற ரூபியோ அன்றிரவே விலகினார்.

வேலிக்குள்ளும் ஒரு திட்டிவாசல் இருக்கிறது. விகிதாசாரம் என்று எழுதிவிட்டு, "யாராவது 50 சதவீதம் தாண்டினால் எல்லாம் அவருக்கு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். தலைநகரில் ஹேலிக்கு 19 கிடைத்தது இந்த வரியால். அதே வாரம் கலிஃபோர்னியாவில் டிரம்புக்கு 169 பேரும் மொத்தமாகப் போனதும் இதே வரியால்தான். கலிஃபோர்னியா கட்சி அந்த விதியைக் கொண்டுவந்தது 2023 கோடையில். அதுவரை தொகுதிக்கு 3 என்று தனித்தனியாக இருந்தது, பின்தங்கிய வேட்பாளரும் சில தொகுதிகளைத் தேற்றிக்கொள்ளலாம். டிரம்ப் நன்றாக முந்தி நிற்கிறார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்டம் தொடங்கும் முன் கோல்போஸ்ட்டை யார் நகர்த்தினார்கள் என்று பார்த்தாலே பாதி பிரைமரி புரிந்துவிடும்.

வரம்பே இல்லாத மாநிலமும் உண்டு. 2024 ஐயோவா காக்கஸில் விவேக் ராமசாமி எட்டு சதவீதம்கூட வாங்கவில்லை, 7.7 தான். 40 டெலிகேட், விகிதப்படி 3.08. மூன்று பேர் கிடைத்தார்கள். பாலக்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் நம்மவர்கள் அன்றிரவு ஆர்வமாகப் பார்த்தார்கள். அதே வாக்கை அவர் ஜனநாயகக் கட்சி விதியின்கீழ் வாங்கியிருந்தால் மாநில அளவில் பூஜ்யம்.

இதுவரை சொன்னது எத்தனை இடம் யாருக்கு என்பது. அந்த இடத்தில் எந்த ஆள் போய் உட்காருவார் என்பது வேறு கதை, பல மாநிலங்களில் அது வேறொரு நாளில், வேறொரு கூட்டத்தில் நடக்கும். டிரம்புக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் குரூஸ் ஆதரவாளர் போய் உட்காரலாம். முதல் சுற்றில் டிரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டாக வேண்டும், ஆனால் யாருக்கும் பெரும்பான்மை வராமல் இரண்டாம் சுற்று வந்தால் கட்டு அவிழ்ந்துவிடும். 2016-ல் குரூஸ் குழு இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. லூசியானாவில் டிரம்ப் முந்தினார், டெலிகேட் 18-18. ஆனால் ரூபியோவின் ஐந்து பேரும், கட்டில்லாத ஐந்து பேரும் குரூஸ் பக்கம் சாய்வார்கள் என்று செய்தி வந்தபோது டிரம்ப் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். கொலராடோவில் பொது வாக்கெடுப்பே இல்லை. கட்சிக் கூட்டங்களில் ஆள் திரட்டிய குரூஸ் அங்கே தேர்வுக்கு வந்த 34 பேரையும் அள்ளிக்கொண்டார். 2012 ஐயோவாவோ வேடிக்கையின் உச்சம். முதலில் ராம்னி 8 வாக்கில் வெற்றி என்றார்கள், பிறகு சாண்டோரம் 34 வாக்கில் வெற்றி என்று திருத்தினார்கள். கடைசியில் 28 டெலிகேட்டில் 22 பேர் மூன்றாமிடம் வந்த ரான் பாலின் ஆட்கள். காக்கஸ் இரவில் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அவருடைய தொண்டர்கள் எழுந்து போகவில்லை. மேல்மட்டக் கூட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது அப்போதுதான் நடந்தது.

இல்லினாயில் இன்னொரு கோணம். அங்கே குடியரசுக் கட்சியினர் தொகுதிக்கு மூன்று டெலிகேட்டை நேரடியாகப் பெயர் பார்த்தே தேர்ந்தெடுப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் அவர் ஆதரிக்கும் வேட்பாளர் பெயர் இருக்கும். 2016-ல் ஒரே தொகுதியில் டிரம்ப் பெயர் போட்ட மூவருக்கும் ஒரே மாதிரி வாக்கு விழவேண்டும் அல்லவா? முஸ்லிம் பெயரோ தெற்காசியப் பெயரோ இருந்தவர்களுக்குக் குறைந்து விழுந்தது. அப்படிச் சில இடங்களை டிரம்பே இழந்தார். பென்சில்வேனியாவில் அந்தப் பக்கத்துப் பெயரும் கிடையாது. அங்கே அன்று மொத்தம் 71 டெலிகேட். மாநில வெற்றியாளருக்குக் கட்டுப்பட்டவர் 17 பேர்தான். மற்ற 54 பேர் வெறும் பெயராக வாக்குச்சீட்டில் இருந்தார்கள், யார் எவருக்கு என்ற குறிப்பே இல்லை. வாக்காளர்கள் வீட்டிலிருந்தே துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப் போகவேண்டியதாயிற்று.

சூப்பர் டெலிகேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதுதான் வரும். ஜனநாயகக் கட்சியின் எம்.பி.க்கள், ஆளுநர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள் எல்லாம் பதவியின் பேரில் டெலிகேட். 1984-லிருந்து இருக்கிறார்கள். 2016 நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60-38 என்று வென்று 15-9 எடுத்தார். அங்கிருந்த எட்டு சூப்பர் டெலிகேட்டில் ஆறு பேர் கிளின்டன் பக்கம் சாய, செய்தியில் 15-15 என்று வந்தது. அந்த ஆத்திரம் அடங்க 2018-ல் விதியை மாற்றினார்கள்: போட்டி உள்ள மாநாட்டில் முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

கடைசியாக, டெலிகேட் எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்? குடியரசுக் கட்சியில் கயிறு இறுக்கம். 2016 கிளீவ்லாண்ட் மாநாட்டில் அலாஸ்கா குழு எழுந்து குரூஸுக்கு 12, டிரம்புக்கு 11, ரூபியோவுக்கு 5 என்று அறிவித்தது. மேடையில் இருந்தவர்கள் 28-ம் டிரம்புக்கு என்று பதிந்துகொண்டார்கள். போட்டியை விட்டு விலகியவரின் டெலிகேட் மிச்சமிருப்பவருக்குப் போகும் என்பது அலாஸ்காக் கட்சியின் சொந்த விதி என்று விளக்கம். வாயால் சொன்னது ஒன்று, ஏட்டில் ஏறியது இன்னொன்று.

ஜனநாயகக் கட்சி விதியோ, தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் மனநிலையை டெலிகேட்டுகள் "மனசாட்சிப்படி" பிரதிபலிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பல பத்தாண்டுகள் யாரும் சீண்டாமல் கிடந்த வரி அது. 2024 ஜூலை 21-ல் பைடன் விலகியபோது, பிரைமரியில் அவர் சேர்த்து வைத்திருந்த சுமார் 3,900 டெலிகேட் ஒரே மதியத்தில் கயிறு அவிழ்ந்து நின்றார்கள். பைடன் கை காட்டலாம், கட்டளையிட முடியாது. கமலா ஹாரிஸ் 2020 போட்டியில் ஒரு வாக்குகூட எண்ணப்படும் முன்பே, 2019 டிசம்பரில் விலகியவர். 2024 பிரைமரியில் அவர் நிற்கவே இல்லை. ஆனால் அந்த டெலிகேட்டுகள் அடுத்த நாள் இரவுக்குள்ளேயே பெரும்பான்மைக்குத் தேவையான அளவு அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 5-ல் இணையவழி வாக்கெடுப்பு முடிந்தபோது அவருக்கு 4,567. ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை போட்டவர்களுக்கு அது நவம்பரில் நடக்கப்போகும் தேர்தலுக்கான பூஜை. கட்சிக்குள் நடக்கவேண்டிய தேர்தலோ அதற்குள் முடிந்தே போயிருந்தது.